சிறுநீரும் தலைமுடியும்: திருகோணமலையில் பெற்ற போதைப்பொருள் பரிசோதனைச் சேவை பற்றி

சீனன்குடாவில் மாவும் சீமெந்தும் ஏற்றிக் கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் ஒன்பது லொறிகள் எங்கள் குடும்பத் தொழிலில் ஓடுகின்றன. சாரதிகளும் உதவியாளர்களுமாகப் பதினேழு பேருடைய பொறுப்பு என்னுடையது. யானைகள் குறுக்கே வரும் அந்த வீதியில் இரவு முழுவதும் கண் விழித்து ஓட்டுகிறவர்களை, தூக்கத்தை விரட்டும் என்ற ஆசை காட்டி ‘ஐஸ்’ என்ற போதைப்பொருள் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயம் எனக்கு நெடுநாளாகவே இருந்தது. எங்களிடம் பொருள் ஏற்றுவிக்கும் நிறுவனமொன்று, சாரதிகள் அனைவருக்கும் போதைப்பொருள் பரிசோதனை அறிக்கை வேண்டும் என்று கேட்டபோது, திருகோணமலை நகருக்குள் இயங்கும் தனியார் பரிசோதனை நிலையம் ஒன்றை நாடினேன். சில மாதங்களுக்குப் பின்னர் என் அக்காவின் மகனுக்காக அதே நிலையத்தில் தலைமுடிப் பரிசோதனையும் செய்வித்தோம். நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் சொல்லவிருப்பவை எந்த நிலையத்துக்குப் போனாலும் கேட்க வேண்டியவை என்பதால், பெயர் இல்லாமலே அவை பயன்படும் என நம்புகிறேன்.

முதலில் சிறுநீர் எடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நிலையத்தின் நல்ல பக்கம் அங்கேதான் இருக்கிறது. சாரதிகளை ஒரே நாளில் வரிசையாக நிறுத்தாமல், நான்கு நான்கு பேராக, ஓட்டம் இல்லாத காலை நேரங்களில் வரச் சொன்னார்கள். ஒவ்வொருவருடைய தேசிய அடையாள அட்டையையும் பார்த்து, பைகளையும் மேற்சட்டையையும் வெளியே வைக்கச் செய்து, கைகளைக் கழுவிய பின்னரே கிண்ணத்தைக் கொடுத்தார்கள். கழிப்பறைத் தொட்டியின் நீரில் நீலச் சாயம் கலந்திருந்தார்கள். அந்த நீரை அள்ளிக் கிண்ணத்தில் சேர்த்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. தக்க காரணம் இல்லாமல் ஒருவர் சிறுநீர் கழிப்பதை இன்னொருவர் நின்று பார்ப்பது மரியாதைக் குறைவு என்று அங்கிருந்த ஆய்வுகூட உத்தியோகத்தர் அமைதியாகச் சொன்னார்; அந்தச் சொல் என் ஆட்களின் முகத்தில் இருந்த இறுக்கத்தைக் குறைத்தது. ஆனால் கை கழுவும் குழாய் கழிப்பறைக்கு உள்ளேயே திறந்திருந்ததைக் குறையாகவே எழுத வேண்டும். தொட்டியில் சாயம் கலந்துவிட்டுப் பக்கத்திலேயே தெளிந்த நீர் தரும் குழாயை விட்டுவைப்பதில் பொருளில்லை.

கிண்ணத்தின் பக்கவாட்டில் வெப்பநிலையைக் காட்டும் பட்டை ஒட்டியிருக்கும். உடலிலிருந்து வெளியேறிய சிறுநீர் நான்கு நிமிடங்களுக்குள் பார்க்கப்படும்போது 32 முதல் 38 பாகை செல்சியஸ் வரை காட்ட வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் உள்ள அளவு; இந்த நிலையமும் அதையே பின்பற்றுகிறது. குளிர்நாட்டில் இது நல்ல காவல்தான். ஆனால் ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசும் திருகோணமலையில், லொறியின் முன்னிருக்கையில் வைத்த தண்ணீர்ப் போத்தலே அந்த அளவுக்குச் சூடாகிவிடும். ஆகவே நம் ஊரில் வெப்பநிலைப் பட்டையை மட்டும் நம்புவது போதாது. உடல் இயல்பாகவே சிறுநீரில் கழிக்கும் கிரியேட்டினின் என்ற பொருளின் அளவையும், நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியான தன்னீர்ப்பையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே கிரியேட்டினின் இருந்து, தன்னீர்ப்பும் 1.003க்குக் கீழே இருந்தால் சிறுநீர் நீர்த்துப்போயிருக்கிறது என்று கொள்வார்கள்; கிரியேட்டினின் 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, தன்னீர்ப்பும் மனிதச் சிறுநீருக்குரிய எல்லைக்குள் இல்லாவிட்டால், அதை மனிதச் சிறுநீர் என்றே ஏற்கமாட்டார்கள். என் சாரதிகளில் இருவருடைய மாதிரிகள் நீர்த்தவை என்று வந்தன. அவர்களைச் சந்தேகிப்பதற்கு முன்னர் அந்த வாரத்தின் வெயிலை நினைத்துப் பார்த்தேன்; சுமை ஏற்றும் இடத்தில் நின்றவர்கள் காலையிலிருந்தே போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் மீண்டும் கொடுத்தபோது இரண்டு மாதிரிகளும் சரியாக இருந்தன. நீர்த்த மாதிரி என்பது ஏமாற்று என்பதற்குச் சான்றாகாது என்பதை நிலையத்தினர் தாமாகவே விளக்கியிருக்கலாம். நான் கேட்ட பின்னர்தான் சொன்னார்கள்.

இனி, முதல்நிலைப் பரிசோதனை. கருவியில் பல பட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வகை மருந்துக்கு உரியது. பட்டையில் உள்ள பிறபொருளெதிரியை, அதாவது குறித்த மருந்தோடு பிணையும் புரதத்தை, பற்றிக்கொள்ள, பட்டையிலே பூசப்பட்ட மருந்தும் சிறுநீரில் உள்ள மருந்தும் போட்டியிடும். சிறுநீரில் மருந்து நிறைய இருந்தால் அது பிறபொருளெதிரி முழுவதையும் பிடித்துக்கொள்வதால் கோடு தோன்றாது. எனவே கோடு தோன்றினால் மருந்து இல்லை, தோன்றாவிட்டால் இருக்கக்கூடும் என்பதே பொருள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். மங்கலான கோடும் கோடுதான். மங்கல் என்பதற்காக ‘கொஞ்சம் எடுத்திருக்கிறான்’ என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. இணையத்தில் பட்டைகளை வாங்கி வீட்டிலே மகனைச் சோதிக்கும் பெற்றோர் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த ஒரு செய்தியையாவது அறிந்திருந்தால் பல வீடுகளில் வீண் அழுகை குறையும்.

இவ்வகைப் பட்டைகளுக்கு வெட்டெல்லை என்று ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் இருந்தால்தான் ‘உண்டு’ என்று சொல்லும். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் கஞ்சா உடலுக்குள் மாறி உண்டாகும் அனுசேபப் பொருளுக்கு முதல்நிலையில் மில்லிலீற்றருக்கு 50 நானோகிராமும், உறுதிப்படுத்தும் நிலையில் 15 நானோகிராமும், ‘ஐஸ்’ சேர்ந்த அம்பெற்றமின் வகைக்கு 500, 250 நானோகிராம்களும் எல்லைகள். அபினி வகையைச் சேர்ந்த மோர்ஃபீன், கோடீன் ஆகியவற்றுக்கு 300 நானோகிராமாக இருந்த எல்லையை 1998ஆம் ஆண்டில் 2000 ஆக உயர்த்தினார்கள். அபினிச் செடியின் விதை தூவிய பாண் சாப்பிட்டவர்களும் வைத்தியர் கொடுத்த கோடீன் எடுத்தவர்களும் பழைய எல்லையில் அகப்பட்டதே அதற்குக் காரணம். இங்கே ஓர் இடைச்செய்தி. தமிழ்நாட்டுச் சமையலில் கசகசா என்றால் அந்த அபினிச் செடியின் விதைதான். நம் ஊர்ப் பலூடாவில் மிதக்கும் கசகசாவோ திருநீற்றுப்பச்சையின் விதை. அதற்கும் அபினிக்கும் தொடர்பே இல்லை. இணையத்தில் படித்துவிட்டுப் பலூடா குடிக்கப் பயந்த ஓர் உதவியாளரை நான் இப்படித்தான் சமாதானப்படுத்தினேன்.

இந்த நிலையம் பயன்படுத்திய கருவியில் அபினி வகைக்கான எல்லை 300 நானோகிராம். அறிக்கையில் அது எழுதப்படவில்லை. என் சாரதிகளில் ஒருவருக்கு, பத்து வருடமாக எங்களிடம் வேலை செய்பவருக்கு, அந்தப் பட்டையில் கோடு தோன்றவில்லை. பிற்பகலில் என் கைத்தொலைபேசிக்கு வட்ஸ்அப் மூலம் ஒரு படம் வந்தது: அவருடைய முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், அதற்கு நேரே அபினி வகை ‘உண்டு’ என்று சிவப்பு எழுத்து. அது முதல்நிலைப் பரிசோதனை மட்டுமே என்றோ, உறுதிப்படுத்தல் இன்னும் செய்யப்படவில்லை என்றோ ஒரு சொல் இல்லை. அதே படம் எங்கள் கணக்காளருக்கும் போயிருந்தது. நான் அன்றிரவே அந்தச் சாரதியை ஓட்டத்திலிருந்து நிறுத்தினேன். சம்பளத்தை முடித்து அனுப்பிவிடுவது என்றும் மனத்துக்குள் தீர்மானித்திருந்தேன். அவர் என் வாசலில் வந்து நின்று, “முதலாளி, பல்லுப் புடுங்கினதுக்கு டொக்டர் தந்த குளிசை மட்டுந்தான் போட்டனான்” என்று சொல்லி, மருந்துச் சீட்டை நீட்டினார். அது கோடீன் கலந்த வலிநிவாரணி.

கோடீன் அபினி வகையைச் சேர்ந்தது. உடலுக்குள் அதன் ஒரு பகுதி மோர்ஃபீனாக மாறுகிறது. பட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் பட்டையால் கோடீனையும் மோர்ஃபீனையும் ஹெரோயினையும் பிரித்தறிய முடியாது. ‘இந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர் வந்திருக்கிறார்’ என்று மட்டுமே அது சொல்லும். வந்தவர் யார் என்பதைச் சொல்லத் திணிவு நிறமாலைமானி வேண்டும். மாதிரியில் உள்ள பொருள்களை முதலில் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்து, பின்னர் ஒவ்வொரு மூலக்கூற்றையும் உடைத்து, உடைந்த துண்டுகளின் திணிவைக் கொண்டு அடையாளம் காணும் முறை அது. ஹெரோயின் எடுத்தவருடைய சிறுநீரில் 6-மொனோஅசற்றைல்மோர்ஃபீன் என்ற பொருள் தோன்றும். கோடீனிலிருந்தோ கசகசாவிலிருந்தோ அது உண்டாகாது. ஆனால் அது ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மறைந்துவிடுவதால், அது இல்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரை விடுவிக்கவும் முடியாது. கோடீனுக்கும் மோர்ஃபீனுக்கும் இடையிலுள்ள விகிதத்தையும் மருந்துச் சீட்டின் திகதியையும் வைத்தியர் ஒருவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் வற்புறுத்தி, மேலதிகப் பணம் கட்டி, எஞ்சிய மாதிரியைக் கொழும்புக்கு அனுப்புவித்தேன். ஆறாம் நாள் முடிவு வந்தது. கோடீன் மிகுதியாகவும் மோர்ஃபீன் குறைவாகவும் இருந்தன; ஹெரோயினின் அடையாளப் பொருள் இல்லை. வைத்தியர் மருந்துச் சீட்டைப் பார்த்து ஒப்பமிட்டார். அந்த ஆறு நாட்களுக்குமான சம்பளத்தைக் கொடுத்தேன், அவருடைய மனைவிக்கு முன்னால் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் கணக்காளருக்கும் அவர் வழியாக இன்னும் சிலருக்கும் அந்தப் படம் போனதை நான் திருத்த முடியவில்லை.

எஞ்சிய மாதிரி இருந்ததும் தற்செயலே. ஒழுங்கான முறைப்படி 45 மில்லிலீற்றர் எடுத்து, 30 மில்லிலீற்றரை ஒரு போத்தலிலும் 15 மில்லிலீற்றரை இன்னொன்றிலும் பிரித்து, கொடுத்தவரின் கண்முன்னே இரண்டுக்கும் முத்திரை ஒட்டி, அவருடைய கையெழுத்தை வாங்கிக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். முதற் போத்தலின் முடிவை அவர் மறுத்தால் இரண்டாவது போத்தல் அவருக்காகப் பேசும். இந்த நிலையத்தில் ஒரே கிண்ணத்தில்தான் எடுத்தார்கள். ஊழியர் ஒருவரின் வேலை அந்த முடிவில் தங்கியிருக்கும்போது இதைச் சிறு குறை என்று என்னால் எழுத முடியாது.

வேறு சில மருந்துகளும் பட்டையைக் குழப்புகின்றன. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் அம்பெற்றமின் பட்டையிலும், ஒஃப்ளொக்சசின், லீவோஃப்ளொக்சசின் போன்ற நுண்ணுயிர்கொல்லிகள் அபினிப் பட்டையிலும் கோட்டை மறைக்கக்கூடும். கஞ்சா சேரும் ஆயுர்வேத லேகியம் எடுத்தவருக்கோ பட்டை உண்மையைத்தான் சொல்லும். எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லாது. எதிர்ப்பக்கத்தில், வழமையான ஐந்து பட்டைக் கருவி காணாத பொருள்கள் நம் நாட்டில் அதிகம் புழங்குகின்றன. ட்ரமடோல் அபினிப் பட்டையில் அகப்படாது; ப்ரீகபலினுக்குத் தனிப் பட்டை வேண்டும். லொறித் தொழிலில் இருப்பவர்கள் இந்த இரண்டு மாத்திரைகளின் பெயரையும் கேட்டிருப்பார்கள். நிலையத்திடம் கேட்டபோது ட்ரமடோலுக்கான பட்டையை வரவழைத்துத் தந்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெற்றமின் சிறுநீரில் இரண்டு முதல் நான்கு நாட்களும், ஹெரோயினின் மோர்ஃபீன் இரண்டு மூன்று நாட்களும் தெரியும். கஞ்சாவை ஒருமுறை புகைத்தவருக்கு மூன்று நாட்கள் அளவில் மறைந்துவிடும். நாள்தோறும் புகைப்பவருக்கு நிறுத்திய பின்னரும் ஒரு மாதம் வரை தெரியலாம். ஆகவே சிறுநீர் முடிவு, அந்த நபர் அந்த நேரத்தில் மயக்கத்தில் இருந்தார் என்பதைக் காட்டாது. விபத்துக்குப் பின்னர் எடுத்த மாதிரியில் கஞ்சா இருந்தால் அதுவே விபத்தின் காரணம் என்று எழுதிவிட முடியாது. மதுபானத்துக்கு இந்தப் பட்டைகள் எதுவும் பதில் சொல்வதில்லை. அதற்கு மூச்சுப் பரிசோதனை வேறு.

தலைமுடிப் பரிசோதனை என் வீட்டுக் கதை. அக்காவின் மகனான என் மருமகன் கப்பலில் வேலைக்குப் போக விண்ணப்பித்திருந்தான். பதின்ம வயதில் கூடாத சேர்க்கையால் கொஞ்சக் காலம் கஞ்சா புகைத்தவன், விட்டு இரண்டு வருடங்களுக்கு மேலாகிறது. ஊரில் அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. “மாமா, சிறுநீர்ச் சோதனை செய்தால் இந்தக் கிழமை மட்டும் எடுக்கவில்லை என்றுதான் சொல்வார்கள்” என்று அவனே தலைமுடிப் பரிசோதனையைக் கேட்டான். அவன் சொன்னது சரி. இரத்தத்திலிருந்து முடியின் வேருக்குள் புகுந்த மருந்து, முடி வளரும்போது அதனுள்ளேயே அடைபட்டு வெளியே வருகிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். தோலோடு ஒட்டி வெட்டிய ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் நீளம் அண்மைய தொண்ணூறு நாட்களின் பதிவு. எடுத்த மருந்து முடியில் தோலுக்கு மேலே வர ஐந்து முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால் நேற்று எடுத்ததை இது காட்டாது. ஒரேயொரு முறை எடுத்ததும் தப்பிவிடலாம். தொடர்ந்து எடுக்கும் பழக்கத்தை அறியவே இது உகந்தது.

நாங்கள் போன அன்று திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்கு முன்னர்தான் அக்காவின் நேர்த்திக்காக அவன் மொட்டை போட்டிருந்தான். தலையில் இருந்தது ஒரு சென்ரிமீற்றர் அளவு முடி. நெஞ்சு முடியையோ கால் முடியையோ எடுக்கலாம் என்று ஓர் ஊழியர் சொன்னார். மற்றவர் உடனே தடுத்து, உடல் முடி வளர்ந்து நின்றுவிடும் இயல்புடையது, அதிலுள்ளது எந்த மாதத்துக்கு உரியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஏறத்தாழ ஒரு வருடம் வரையான பழையதும் கலந்திருக்கும் என்று விளக்கி, மூன்று மாதங்கள் பொறுத்து வரச் சொன்னார். பணத்தை வாங்கிக்கொள்ளாமல் அனுப்பிய அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். நேர்த்திக்கு முடி இறக்குவது நம் மக்களிடையே சாதாரணம். அதைப் பார்த்து ‘ஒளிக்கப் பார்க்கிறான்’ என்று எந்த முதலாளியும் எண்ணிவிடக்கூடாது.

மீண்டும் போனபோது, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். உச்சியின் பின்புறத்தில், பென்சில் பருமனுக்கு நூறு மயிரளவு, தோலோடு ஒட்டக் கத்தரித்தார்கள், பிடுங்கவில்லை. வேர்ப்பக்கம் எது என்று குறித்து, அலுமினியத் தாளில் மடித்து, உறையிலிட்டு, அவன் முன்னிலையில் முத்திரை வைத்தார்கள். குளிரூட்டி தேவையில்லை, சாதாரண அறை வெப்பநிலையிலேயே வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கே முடியை முதலில் கழுவி, வெளியிலிருந்து ஒட்டிய புகையையும் தூசையும் நீக்கிவிட்டே கரைத்துச் சோதிக்கிறார்கள். கஞ்சாவில் இதற்கு இன்னொரு காவலும் உண்டு. புகையில் வரும் மூலப்பொருள் பக்கத்தில் நின்றவரின் முடியிலும் படியலாம்; ஆனால் அதன் காபொட்சிலிக் அனுசேபப் பொருள் உடலுக்குள்ளே மட்டுமே உண்டாவது. அதற்கான எல்லை மில்லிகிராம் முடிக்கு 0.2 பிக்கோகிராம் என்ற மிகச் சிறிய அளவு. அந்த எல்லையும் அறிக்கையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. மூன்றாம் வாரம் வந்த முடிவு, எதுவும் இல்லை என்றது. அக்கா அந்தத் தாளைப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

ஆனாலும் தலைமுடிப் பரிசோதனையை முதலாளிமார் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. முடிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினுடன் கொக்கேன், அம்பெற்றமின் போன்ற காரத்தன்மையுள்ள மருந்துகள் கூடுதலாகப் பிணைகின்றன. ஒரே அளவு எடுத்தாலும் கருமுடிக்காரரில் கூடுதலாகக் காட்டலாம். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பொலிஸில் கறுப்பின உத்தியோகத்தர்கள் இந்தப் பரிசோதனையை எதிர்த்து வழக்காடியபோது, அது அவர்களைக் கூடுதலாகப் பாதித்ததை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் ஏற்றது. மறுபக்கம், முடியை வெளிறச் செய்வதும் சாயமிடுவதும் உள்ளிருப்பதைக் குறைத்துவிடும். கருமுடி உள்ள நம்மவர்களுக்கு முடியின் முடிவை மட்டும் வைத்து வேலை மறுப்பது நியாயமாகாது என்பது என் கருத்து. கட்டணமும் சிறுநீர்ச் சோதனையைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. என் சாரதிகளுக்கு நான் இதைச் செய்விக்கமாட்டேன். மருமகனைப் போலத் தன் பெயரை மீட்க விரும்பி, தானாகக் கேட்டு வருபவருக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

சம்மதப் படிவத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமான என் பதினேழு பேரில் அதை வாசிக்கக்கூடியவர்கள் இருவர். முடிவு யாருக்குப் போகும், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், மறுத்தால் என்ன நடக்கும் என்பவற்றை அறியாமலே மற்றவர்கள் கையெழுத்திட்டார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட தகவலைப் படமாகத் தொலைபேசிக்கு அனுப்பும் நிலையத்திடம் நான் பணிவாக, ஆனால் எழுத்திலே முறையிட்டேன். இப்போது முடிவுகளை முத்திரையிட்ட உறையில், ஒரே ஒருவரிடம், கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருகிறார்கள். முதல்நிலை முடிவை உறுதிப்படுத்தாமல் வெளியிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கழிப்பறைக் குழாய்க்கும் பூட்டுப் போட்டாயிற்று.

மாதிரியை இரண்டாகப் பிரிப்பதும், தமிழிலும் சிங்களத்திலும் படிவம் வைப்பதும் இன்னும் நடக்கவில்லை. படிவத்தின் இரு மொழி வரைவுகளையும் எங்கள் சிங்களச் சாரதி ஒருவரின் உதவியோடு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பரிசோதனை பங்குனியில் வருகிறது. அந்தப் படிவம் அச்சாகி, இரண்டு போத்தல்களும் மேசைமேல் வந்த பின்னர்தான் முதல் நான்கு பேரை அனுப்புவேன்; பல்லுக்கு மருந்தெடுத்த அந்தச் சாரதி, முதல் ஆளாகத் தானே போவதாகச் சொல்லியிருக்கிறார்.